வால் பகுதி

ஓவ்லு நகரில் மூன்று மணிக்கே இருட்டு.
பனிமேல் சைக்கிள்கள் கரகரத்துப் போகின்றன.
நான்காம் மாடியில் ஹெல்லெவி ரௌத்தியோ
ஒரு வளைகோட்டின் வாலைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.
வழவழவென்று இறங்க வேண்டிய கோடு
ரம்பப் பல்லாக நிற்கிறது.

காலையில் இனாரியிலிருந்து நீல்லாஸ் அழைத்திருந்தான்:
"உன் நிரல் ஒன்பது மணி நேரம் ஓடியது.
ஓடிவிட்டுச் சொல்கிறது,
பதினேழாம் மந்தைக்குச் சாத்தியமே இல்லையாம்.
அடர்த்தி சுழியம்.
மடக்கை எடுத்தால் அடியில்லாப் பள்ளம்.
மற்ற நாற்பது மந்தைகளையும் இழுத்துக்கொண்டு
அது உள்ளே விழுந்துவிட்டது."
பின்னால் மணிச் சத்தம்.
"என்ன அது?"
"பதினேழாம் மந்தைதான்.
வேலிக்கு அப்பால் பனியைத் தோண்டிப் பாசி தின்கிறது."

மையத்தில் நிற்கும் டி பரவலோடு வம்பில்லை.
இடமும் வலமும் ஒரே சாயல், ஒரே வரியில் விடை.
டெல்டா கைவைத்துத் தள்ளியதும்
ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது.
அப்புறம் அதை அளக்க
முடிவில்லாத கூட்டல் வேண்டும்.

பழைய நிரலை எழுதியவர் சோம்பேறி இல்லை.
திரள் நிகழ்தகவு ஏற்கெனவே கையில் இருந்தது.
கட்டின்மைப் படியில் இரண்டைக் கூட்டி ஒருமுறை,
கூட்டாமல் ஒருமுறை,
ஒன்றிலிருந்து மற்றதைக் கழி,
பெருக்கு, வகு, வீட்டுக்குப் போ.
தாளில் அது குற்றமே இல்லாத சமன்பாடு.
ஆனால் இயந்திரத்துக்குப் பதினாறு இலக்கம்தான் பார்வை.
புள்ளிக்குப் பின் வரிசையாக ஒன்பதுகள்,
அதிலிருந்து அதே நீளத்துக்கு இன்னும் ஒன்பதுகள்.
கடல்மட்டத்திலிருந்து மலையை அளந்து
நேற்றைய உயரத்தைக் கழித்து
ராத்திரி விழுந்த பனியின் கனம் இவ்வளவு என்பது போல.
மிஞ்சுவது பனியல்ல,
அளந்தவன் கைநடுக்கம்.
சில இடத்தில் சுழியம்.
சில இடத்தில் சுழியத்துக்கும் கீழே.
அடர்த்தி கடன் வாங்குமா என்ன?

கழித்தல் வரியை அழித்தாள்.

இனிக் கூட்டல் மட்டும்.
அதிலும் முதல் உறுப்பிலிருந்து தொடங்கினால் ஆபத்து:
டெல்டா நாற்பதைத் தொட்டால்
முதல் உறுப்பு கண்ணில் படுமுன்பே மூழ்கிவிடும்,
கூடவே மீதி எல்லாம்.
மேடு எங்கே இருக்கிறதோ அங்கே இறங்க வேண்டும்.
எத்தனையாவது உறுப்பு எல்லாவற்றிலும் பெரிது?
பள்ளிக்கூடத்து இருபடிச் சமன்பாடு அதைச் சொல்லிவிடுகிறது
(அவளுக்கே சிரிப்பு வந்தது).
அந்த ஒன்றை மடக்கையில் பத்திரமாக வை.
மற்றவை அதன் பங்குகள்.
முன்னால் நட, பின்னால் நட,
காலடிச் சத்தம் கேட்காமல் போகும்வரை.
ஆயிரத்து நானூறு உறுப்பு தின்ற இடத்தில்
அறுபத்து மூன்று போதும்.

இடதுபக்கம் இன்னும் தீரவில்லை.
அங்கே குறிகள் மாறி மாறி வருகின்றன,
கூட்டலுக்குள்ளேயே கழித்தல் பதுங்கியிருக்கிறது.
அதற்குத் தொடர் உதவாது, தொகைதான் போட வேண்டும்,
அது திங்கட்கிழமை வேலை.
அந்தக் கிளையில் இப்போதைக்கு ஒரு குறிப்பு:
'இங்கே என்னை நம்பாதே.'

நள்ளிரவு தாண்டி வால் வழவழவென்று இறங்கியது.
ஒன்பது மணி நேரம் பதினோரு நிமிடமாயிற்று.
பதினேழாம் மந்தைக்குப்
புள்ளிக்குப் பின் இருபத்திரண்டு சுழியம்,
அதன் பிறகு ஒரு நான்கு.

"இருக்கலாம்," என்று எழுதினாள். "மிக மிக அரிது."
நீல்லாஸும் தூங்கவில்லை.
"சுழியம் என்றால் நான் யாரைப் போய்க் கேட்பேன்?
இவ்வளவு சிறியது என்றால் கேட்கலாம்.
அந்தக் கன்றுகளுக்கு மட்டும்
யாரோ திருட்டுத்தனமாக வைக்கோல் போட்டிருக்கிறார்கள்.
என் மைத்துனன் மேல்தான் சந்தேகம்."

கூடவே ஒரு படம்.
டார்ச் வெளிச்சத்தில் பனி, வேலிக்கம்பி,
முகம் காட்டாமல் திரும்பி நிற்கும் ஒரு பனிமான்.
படம் முழுக்க மங்கல்,
குட்டையான அந்த வால் மட்டும்
மயிர் மயிராகத் தெரிகிறது.